கேற்றடியில் நிற்கும் பொடியள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சென்ற கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை வாசித்தேன். பின்னேரங்களில் மாங்குளத்தில் ரயில் கடவையடியில் நாலைந்து பொடியள் கைப்பேசியோடு நிற்கிறார்கள், ரயில் வந்தால் படம் பிடிக்கிறார்கள், போனபிறகு ஏதோ குறித்து வைக்கிறார்கள், இது என்ன வேலை, பெற்றோர் கண்டிக்கக் கூடாதா என்பது அவருடைய முறைப்பாடு. "தண்டவாளத்துக்குக் காவல் இருக்கும் வேலையற்றவர்கள்" என்றும் ஒரு வசனம் போட்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் தலை நரைத்த ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் காணவில்லைப் போலும். அது நான். வயது 65. தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எனக்கு வேலை இல்லை என்று அவர் சொன்னால் மறுக்க மாட்டேன். மற்றவர்கள் சார்பில்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா மாங்குளம் ஸ்ரேசனில் பொயின்ற்ஸ்மனாக, அதாவது ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவராக, இருந்தவர். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்ரேசன்களுக்கு இடையில் ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் நிற்கலாம். அதற்கு அத்தாட்சியாக அந்தக் காலத்தில் டப்லெட் என்று ஒன்று கொடுப்பார்கள். உள்ளங்கையளவு உலோகத் தட்டு. தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையமொன்றில் கட்டியிருக்கும். அது கையில் கிடைக்காமல் எந்த றைவரும் அடுத்த ஸ்ரேசனை நோக்கி எஞ்சினை அசைக்க மாட்டார். நிற்காத ரயில் என்றால் அப்பா பிளாற்போம் விளிம்பில் வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதைக் கொழுவிக்கொண்டு போகும். அவர்கள் கொண்டுவந்த வளையம் பிளாற்போமில் விழுந்து உருண்டு ஓடும். அதைத் துரத்திப் பிடிப்பது என் வேலை. 1971இல் எனக்குப் பதினொரு வயது.

எண் எழுதும் பழக்கம் அந்த ஓட்டத்தில்தான் தொடங்கியது. வளையத்தைத் துரத்துகிறவனுக்கு எஞ்சினைப் பார்க்க நேரமில்லை. அப்பா எண்ணைப் பார்த்துக் கத்துவார். நான் வளையத்தைக் கொண்டுபோய் உள்ளே கொடுத்துவிட்டு, ஸ்ரேசன் மாஸ்ரரின் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுவேன். திகதி, நேரம், மேலே போனதா கீழே போனதா, எஞ்சின் எண், எத்தனை பெட்டி. கணக்குப் பாடத்தில் கோடு போடக் கள்ளம் செய்த நான் இந்தக் கொப்பிக்கு மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிடித்தவை கனடா எஞ்சின்கள். எம்2 என்று வகை சொல்வார்கள். 1954 முதல் வந்தவை; முதலில் வந்தவை கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவியின்கீழ். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. பெரும்பாலானவை அங்குள்ள தொழிற்சாலையில் செய்தவை. மொத்தம் பதினான்கு. பலவற்றின் விலாவில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிடோபா. அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. இன்று என் தம்பி அதே ஒன்ராறியோவில், ஸ்காபரோவில் இருக்கிறான். வன்னியில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார். ஒன்ராறியோ என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தவன் நான்தான், அதுவும் ஓர் எஞ்சினின் பக்கவாட்டில்.

591 என்ற எண்ணை அப்பா கத்திய குரல் இன்னும் காதில் நிற்கிறது. "ஐஞ்சு ஒம்பது ஒண்டு!" அது மனிடோபா.

ரயில் பார்க்கிறவர் எல்லாரும் பாதையின் கதையையும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பார்கள். கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்கு முதல் ரயில் ஓடியது 1864 மார்கழி 27. வடக்கில் முதலில் பாதை போட்டது குடாநாட்டுக்குள். காங்கேசன்துறைப் பக்கம் 1902இலேயே ரயில் ஓடிவிட்டது. தெற்கேயிருந்து இன்னொரு பக்கம் அநுராதபுரம் வரை வந்து சேர்ந்தது. நடுவில் காடும் காய்ச்சலுமாகக் கிடந்த எங்கள் வன்னித் துண்டைப் போட்டு முடித்தபோது 1905 ஆகிவிட்டது. யாழ்தேவி வந்தது 1956 சித்திரை 23. அப்போது ரயில்வே பொது முகாமையாளராக இருந்தவர் பி.டி.ரம்பல, நீராவியை விட்டு டீசலுக்கு மாறியதிலும், ரயில்களுக்குப் பெயர் வைத்ததிலும் அவருடைய கை பெரிது. 1990இல் யாழ்தேவி எங்கள் பக்கம் வருவது நின்றது.

நின்றதற்குப் பிறகு நடந்ததை வன்னி வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வளவிலிருந்த பதுங்குகுழிக்குக் கூரை போட்டது இரண்டு தண்டவாளத் துண்டும் ஒன்பது சிலிப்பர் கட்டையும். அப்பா அந்தக் கட்டைகளில் ஆணி அடித்த துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இருந்தார். ஆயுள் முழுக்க அந்தக் கட்டைகளுக்கு மேல் ரயில் ஓடப் பார்த்தவர், கடைசிக் காலத்தில் அவற்றுக்குக் கீழே ஒளிந்திருந்தார்.

கொப்பி அப்போதும் என்னிடம் இருந்தது. 2004 மார்கழி 26 வந்த கடலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்த என் சின்னம்மா வீடு போனது. சின்னம்மாவும் போனார். அதே காலையில் தெற்கில் பெரலிய என்ற இடத்தில் ஒரு ரயிலைக் கடல் புரட்டிப்போட்டது என்பது எங்களுக்குச் சில நாள் பிந்தித்தான் தெரியும். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை போன ரயில். அதில் இறந்தவர்கள் 1,700 பேர் வரை என்று சொல்வார்கள். பிறகு ஒரு பத்திரிகைச் செய்தியில் அந்த எஞ்சினின் எண்ணைப் போட்டிருந்தார்கள். 591. மனிடோபா.

நான் லாச்சியைத் திறந்து பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 1971க்கும் 1974க்கும் இடையில் ஏழு தடவை அது மாங்குளத்தால் போயிருக்கிறது. ஒரு தடவை 22 நிமிடம் பிந்தி.

இதை வாசிக்கும் அந்தக் கடிதக்காரர் "அதனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயம்தான். எனக்கும் அதற்கு அன்று பதில் இருக்கவில்லை. சின்னம்மாவுக்காக அழாத நான் அந்த ஏழு வரிகளைப் பார்த்து அழுதேன் என்று மட்டும் சொல்கிறேன்.

2009இல் கொப்பி போய்விட்டது. பிறப்பத்திரங்களோடு ஒரே பையில்தான் வைத்திருந்தேன். எந்த இடத்தில் பையைக் கைவிட்டேன் என்பது ஞாபகமில்லை. பிறப்பத்திரங்களுக்குப் பிரதி எடுத்தாயிற்று. கொப்பிக்குப் பிரதி கொடுக்கும் கந்தோர் எங்கும் இல்லை.

சரி, வெள்ளவத்தைக் கதைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததில் அதற்குப் பாதிப் பங்கு.

சென்ற மாசியில் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போய் மகள் வீட்டில் ஐந்து கிழமை நின்றேன். (ரயிலில் போகவில்லை. மருமகன் இரவு பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) வெள்ளவத்தையில் கடலுக்கும் மரைன் டிரைவ் வீதிக்கும் நடுவால் போகிறது கரையோரப் பாதை. 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் தொட்ட பழைய பாதை. 2019இல்தான் பெலியத்த வரை நீண்டது. மகளின் வீடு நாலாம் மாடி. ஜன்னலால் பார்த்தால் தண்டவாளம், அதற்கு அங்கால் கல், அதற்கு அங்கால் கடல். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வாசிக்கக் கூடாது, தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ரயில் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

முதல் கிழமை காதால்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு ரயில் போனால் அடுத்ததற்கு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அங்கே விடிய ஆறு மணி தாண்டினால் ஒன்று போய்க் கண் இமைக்க முன் மற்றது வரும். பாணந்துறையிலிருந்து, களுத்துறையிலிருந்து, அளுத்கமயிலிருந்து, காலியிலிருந்து என்று எல்லாம் கோட்டையைப் பார்த்து ஓடுகின்றன. இரட்டைப் பாதை என்பதால் ஒன்றுக்கொன்று நின்று வழிவிடத் தேவையில்லை. இரண்டாம் கிழமை காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு ஸ்ரேசனுக்குப் போகத் தொடங்கினேன். பம்பலப்பிட்டிக்கு ஒரு மூன்றாம் வகுப்பு ரிக்கற் எடுப்பேன். உள்ளே போய் வாங்கில் இருப்பேன். எட்டரை மணிக்கு எழும்பி வீட்டுக்கு நடப்பேன். பம்பலப்பிட்டிக்கு ஒரு நாளும் போகவில்லை. ஐந்தாம் நாள் ரிக்கற் கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இண்டைக்கும் போகாத பம்பலப்பிட்டியா?" என்று அரைத் தமிழில் கேட்டார். அடுத்த நாள் அவரே ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

எட்டரைக்குள் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அநேகமானவை பவர் செட்டுகள். எஞ்சின் தனியாக முன்னுக்கு நிற்காது. பெட்டியோடு பெட்டியாக ஒட்டியிருக்கும். ஜப்பானில் செய்த பழைய எஸ்8, சென்னைப் பெரம்பூரில் செய்த எஸ்11, சீனாவிலிருந்து வந்த எஸ்12. கடற்காற்று எல்லாவற்றின் விலாவையும் ஒரே மாதிரி அரித்திருக்கிறது. கதவுக்குக் கீழே துரு கோடு கோடாக இறங்கியிருக்கும். மழையில் நனைந்த தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். வன்னிக்கு வரும் பெட்டிகளில் புழுதிதான் படிந்திருக்கும், இந்த மாதிரித் துருவை நான் கண்டதில்லை. எந்தப் பெட்டி எந்தப் பாதையில் உழைத்தது என்பதை எண் தெரியாமலே சொல்லிவிடலாம் போல இருந்தது.

ஆட்களைப் பார்ப்பதும் ஒரு படிப்பு. ரயில் நிற்கும்போது கதவு எங்கே வரும் என்பது அவர்களுக்குக் காலால் தெரியும். பிளாற்போமில் கோடு ஒன்றும் இல்லை. ஆனால் அதே பத்துப் பேர் தினமும் அதே இடத்தில் நிற்கிறார்கள். நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா மூன்றாவது தூணுக்கு இடப்பக்கம். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் வாங்குக்கு நேரே. உள்ளே இடம் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஏறுகிறார்கள், ஏறிவிட்டால் இடம் வந்துவிடுகிறது. மிதிபலகையில் ஒரு கால், காற்றில் ஒரு கால். அதைப் பார்க்க எனக்குப் பயம். சிங்களத்தில் ரயிலுக்குக் கோச்சிய என்பார்கள். எங்கள் ஆச்சி சாகும்வரை கோச்சி என்றுதான் சொன்னார். பேத்தி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், பஸ்ஸில் ஏற்றிய பாவத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, மருதானைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து களனிவெளிப் பாதையில் நுகேகொடை மட்டும் போய் வந்தோம். முன்பு அது குறுகிய பாதை. இரண்டரை அடி அகலம்தான். பிறகு மற்றப் பாதைகளைப்போல ஐந்தரை அடிக்கு அகட்டினார்கள். ஆனால் சின்ன ரயிலுக்கு வெட்டிய வளைவுகள் அப்படியே இருப்பதால் பெரிய ரயில் ஊர்ந்து ஊர்ந்து திரும்புகிறது. பொரளைப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு ஊடாகவே பாதை போகிறது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நாங்கள் கடந்து போகும்வரை நின்றார். வன்னியில் ரயிலுக்கு மாடுதான் வழிவிடும்.

நான் மிகவும் காத்திருந்தது விடியற்காலை ரயிலுக்கு. 2022 தையில் கல்கிசைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் நகர்சேர் கடுகதி ஒன்று தொடங்கினார்கள். அது இருட்டோடு வெள்ளவத்தையைக் கடக்கும். ஜன்னலடியில் நின்று பார்த்துவிட்டு மாங்குளம் சந்தியில் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதருக்குத் தொலைபேசி எடுப்பேன். "அண்ணை, பின்னுக்கிருந்து இரண்டாவது பெட்டியிலை ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு, பாருங்கோ." மத்தியானத்துக்கு முன் அவர் திருப்பி எடுப்பார். "வந்தது, கண்டன். மட்டை வைச்சு ஒட்டியிருக்கிறாங்கள்." கடற்கரையில் நான் பார்த்ததைக் காட்டுக்குள் அவர் பார்க்கிறார். இரண்டு கிழவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி 591. நாலாம் கிழமை, ஒரு பின்னேரம். நான் மகள் வீட்டு விறாந்தையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தேன். பேத்தி பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கோட்டைப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. பவர் செட்டின் இரைச்சல் தட்டையாக இருக்கும், பெரிய மாவு மில் மாதிரி. இது அப்படி இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும்பித் துடித்துத் துடித்து வரும் சத்தம். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பிள்ளை, ஓடிப் பார், என்ன நம்பர்?"

"ஐஞ்சு ஒம்பது ஒண்டு, அம்மப்பா."

நான் நம்பவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை. 571ஐ அப்படி வாசித்திருக்கலாம், 571உம் கனடாக்காரன்தான். மகளிடம் சொன்னேன்; "அப்பா, கண்ணுக்கு மருந்து விட்டீங்களா?" என்று கேட்டாள். அடுத்த மூன்று பின்னேரமும் பாதையோரம் போய் நின்றேன், வரவில்லை. நாலாம் நாள் மழை பெய்தது, போகவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எண் 591, விலாவில் மனிடோபா. சுனாமிக்குப் பிறகு அதைத் தூக்கியெடுத்துத் திருத்தி மறுபடி ஓட விட்டார்கள் என்பதும், மார்கழி 26ஆம் திகதிகளில் அதைப் பெரலியவுக்குக் கொண்டுபோய் இறந்தவர்களை நினைவுகூர்ந்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். இருந்தாலும் கடல் மூடிய ஓர் எஞ்சின் அலுவலகம் விட்டுப்போகும் சனத்தை இழுத்துக்கொண்டு அதே கடலோரமாகச் சாதாரணமாகப் போனதைக் கண்ணால் பார்ப்பது வேறு. மிதிபலகையில் தொங்கியவர்களில் ஒருவர் கச்சான் சப்பிக்கொண்டு போனார். புதுக் கொப்பியில் எட்டாவது தடவை என்று எழுதினேன். முதல் ஏழும் என் ஞாபகத்தில் மட்டும்தான்.

பொடியளைப் பற்றித்தான் எழுத வந்தேன். கேற்றடியில் நிற்பவர்களில் ஒருவன் சாதாரண தரம் எழுதுகிற பிள்ளை. பெயர் வேண்டாம். ஹோர்ன் அடித்தால் எஞ்சின் எம்10ஆ எம்11ஆ என்று சொல்லுவான். நான் எஸ்12 என்று எழுதியதைத் திருத்தி எஸ்13 ஆக்கியிருக்கிறான். 2019 தையில் உத்தரதேவி அந்த வகைப் பெட்டிகளோடு ஓடத் தொடங்கிய நாள்கூட அவனுக்குத் தெரியும். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 'யாழ் ராணி' ஓடியபோது, கந்தோருக்குப் போகிற சனம் வன்னியில் எந்த ஸ்ரேசனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணப் போனவன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். கொழும்பில் நான் ஐந்து கிழமை பார்த்ததை அவன் இங்கே தன் அளவில் செய்திருக்கிறான். எங்கள் பாதையில் வேலைக்குப் போகும் சனத்துக்கு என்ன நேரத்தில் ரயில் வேண்டும் என்று எவராவது கேட்டால் அவனுடைய கொப்பியில் பதில் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

அந்தப் பிள்ளையை இங்குள்ள ஒரு ஸ்ரேசனில் "ரிக்கற் இல்லாமல் ஏன் நிக்கிறாய், எதைப் படம் எடுக்கிறாய்" என்று ஏசித் துரத்தினார்கள். படம் எடுப்பவனைச் சந்தேகப்படும் காலத்தில் நாங்கள் எல்லாரும் வாழ்ந்திருக்கிறோம். அந்த உத்தியோகத்தரின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. அதற்குப் பிறகுதான் பொடியள் கேற்றடிக்கு வந்தார்கள். கடிதக்காரர் கண்ட காட்சி அப்படி வந்ததுதான். பிளாற்போமில் ஒரு வாங்கும், வெள்ளவத்தை மாதிரிப் போகாத ஊருக்கு ஒரு ரிக்கற்றும் கிடைத்தால் அவர்கள் கேற்றடியில் நிற்கவே மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் கடிதக்காரரின் பக்கம் நிற்கிறேன். தண்டவாளத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களும் உண்டு. வெள்ளவத்தையிலும் பார்த்தேன், தண்டவாளத்தில் நடப்பது அங்கே ஏதோ கடற்கரை உலாத்தல் போல. எங்கள் பாதை புதிதாகப் போட்டது, நேராக ஓடுவது; வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் மட்டும் போகும். காட்டுப் பக்கம் காற்று எதிராக இருந்தால் பக்கத்தில் வந்தபிறகுதான் சத்தம் கேட்கும். எங்கள் கூட்டத்தில் சட்டம் ஒன்றுதான்: கல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கருங்கல் போட்டிருக்கிறதே, அதற்கு வெளியே பத்து அடி. அதை மீறினவனுக்கு ஒரு கிழமை தடை. ஒருதரம் நானே மீறி ஒரு கிழமை வீட்டில் இருந்தேன்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. 2013 புரட்டாதி 14இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்குப் பாதை திறந்தார்கள். 23 வருடத்துக்குப் பிறகு மாங்குளத்தால் ரயில் போனது. நானும் போய் நின்றேன். கொப்பியும் பேனையும் கையில் இருந்தன. எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா ரயிலைக் கும்பிட்டார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் எழுதியே ஆகவேண்டிய ஒரே எண் அது.

நான் சொல்லக் கேட்டு அந்தப் பொடியன் மூன்று இரவு இருந்து பழைய காணொளிகளைத் தேடினான். ஒன்று அகப்பட்டது. நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். முகப்பு முழுக்கப் பூமாலையும் கொடியும். எண் இருக்கவேண்டிய இடத்தில் சரியாக ஒரு பெரிய மாலை தொங்குகிறது.

அன்று ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று எங்கேயாவது நின்று படம் எடுத்தவர்கள் தங்கள் வாசகர்களில் இருப்பார்கள். பக்கவாட்டாக எடுத்த படம் என்றால் நல்லது; பக்கத்திலும் எண் இருக்கும், அங்கே மாலை போட்டிருக்க மாட்டார்கள். படத்தில் ஆட்கள் யார் என்பது எனக்குத் தேவையில்லை. பத்திரிகைக் கந்தோருக்கு அனுப்பினால் நான் வந்து பார்த்து, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, படத்தைத் திருப்பித் தந்துவிடுவேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்,
மாங்குளம்.